சோகைப் புகையும் என் மகளின் அட்டவணையும்

"மேடம், பாப்பா நல்லா கீது. மொதல்ல அத சொல்லிட்றேன். மீதிய அப்புறம் சொல்றேன்."

போனில் வந்த குரல் யாருடையதென்று எனக்குத் தெரியாது. சித்தூரில் ஒரு பால் குளிரூட்டும் நிலையத்தின் பரிசோதனை அறையில் வேலை செய்கிறேன். அப்போது என் கையில் பால் ஊற்றிய கண்ணாடிக் குழாய் இருந்தது. அதைத் தாங்கியில் வைத்தேனா, கீழே போட்டேனா என்பது இன்றுவரை நினைவில்லை. "பாப்பா நல்லா கீது" என்று ஒருவர் ஆரம்பித்தால், அதன் பின்னால் எவ்வளவு பெரிய செய்தி இருக்கும் என்று பெற்றவளுக்குத் தெரியாதா?

திருப்பதியில் வேளாண் கல்லூரியில் மேல்படிப்பு படிக்கிற என் ஒரே மகள், வாரக் கடைசியில் ஸ்கூட்டரில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். புத்தலப்பட்டுக்கு அருகில், சாலையோரக் கரும்புக் கொல்லையில் அறுவடை முடிந்து சோகைக்கு நெருப்பு வைத்திருந்தார்கள். கரும்பு வெட்டும்போது உரித்துப் போடுகிற காய்ந்த தோகைதான் சோகை. புகை சட்டென்று சாலையின் மேல் சாய்ந்தது. முன்னால் போன கார் நின்றுவிட்டது. இவள் பிரேக் பிடித்தாள். வண்டி சறுக்கியது. பின்னால் வந்த லாரி எப்படியோ நின்றது. அதன் முன்சக்கரம் எவ்வளவு பக்கத்தில் நின்றது என்பதை அவள் எனக்குச் சொல்லவில்லை. லாரி ஓட்டி வந்தவர்தான் மருத்துவமனை வாசலில் நின்று, கையை ஒரு முழம் விரித்துக் காட்டினார். அந்த இரண்டு கைகளுக்கு நடுவிலிருந்த வெற்றிடத்தை இன்னமும் என்னால் மறக்க முடியவில்லை.

வலது தோளின் காறை எலும்பு உடைந்திருந்தது. தலைக்கவசம் இருந்ததால் தலைக்கு ஒன்றுமில்லை. டாக்டர் கையைத் துணித் தொட்டிலில் கட்டிக் கழுத்திலிருந்து தொங்கவிட்டு, ஓய்வு போதும் என்றார். நான் வெளியே வந்தபோது, என் மகளின் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் கரி. ஐம்பது வயது இருக்கலாம். போனில் பேசியவர் இவர்தான் என்று குரலைக் கேட்டதும் தெரிந்தது.

"எழுப்பி உக்கார வெச்சி, ஆட்டோவுல இட்டாந்தது நாந்தாம்மா" என்றார். நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார். "இருங்க. நெருப்பு வெச்சதும் நாந்தான். வேற யாராச்சும் உங்களாண்ட சொல்றதுக்கு முன்னால நானே சொல்லிட்றேன்."

அவர் மடியிலிருந்து பையைப் பிடுங்கிக்கொண்டேன். அவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். நான் உள்ளே போன பிறகும் வெகுநேரம் அங்கேயே நின்றதாக நர்ஸ் சொன்னாள்.

விபத்து என்பதால் மருத்துவமனையிலிருந்து போலீசுக்குத் தகவல் போயிருந்தது. மறுநாள் ஒரு கான்ஸ்டபிள் வீட்டுக்கு வந்தார். "யார் கொளுத்தினதுன்னு தெரியும், அவரே ஒத்துக்கறாரு. நீங்களோ உங்க பொண்ணோ ஒரு புகார் எழுதிக் குடுத்தா போதும், மீதிய நாங்க பாத்துக்கறோம்" என்றார். குப்பத்தில் கிரானைட் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கிற என் கணவர், போனிலேயே, "இன்னிக்கே எழுதிக் குட்துடு. ஒருத்தன் மேல கேஸ் போட்டாத்தான் ஊரே அடங்கும்" என்றார். எனக்கும் அதே எண்ணம்தான். காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தேன்.

"மா, இப்ப வேணா" என்றாள் மகள், படுத்த இடத்திலிருந்து.

"ஏண்டி வேணா? உன்ன சாவடிக்கப் பாத்தான்."

"அவரு பாக்கல. பொகைதான் பாத்துது. நான் அந்தக் கொல்லைய ஒரு தபா பாக்கணும். அதுக்கப்புறம் நீ என்ன வேணா எழுது, நான் கேக்க மாட்டேன்."

அவள் பிடிவாதம் எனக்குத் தெரியும். கான்ஸ்டபிளிடம் கொஞ்சம் அவகாசம் கேட்டேன். "சீக்கிரம் சொல்லுங்க மேடம், ஃபைல திறந்தே வெச்சிருக்க முடியாது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இந்த இடத்தில் அவள் படிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பூமி சூடாவதற்கு ஆலைகளும் வண்டிகளும் மட்டும் காரணமில்லை, விவசாயமும் ஒரு காரணம். நீர் தேங்கிய நெல் வயல், மாட்டின் ஏப்பம், அளவுக்கு மீறிப் போடுகிற யூரியா, ஓயாமல் ஓடுகிற மோட்டார், கொளுத்துகிற சோகை என்று எல்லாவற்றிலிருந்தும் வாயு கிளம்புகிறது. அதைக் குறைக்க அரசாங்கங்கள் என்னென்ன வழிகளை வைத்திருக்கின்றன, எது எங்கே பலிக்கும், எது பலிக்காது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அவளுடைய ஆய்வு. இந்த வேலைக்காகத்தான் புத்தலப்பட்டைச் சுற்றியிருக்கிற கிராமங்களுக்கெல்லாம் போய்க்கொண்டிருந்தாள். இதற்கு ஏன் இவ்வளவு அலைகிறாள், ஒரு பாங்க் பரீட்சை எழுதக்கூடாதா என்று நான் பலமுறை முணுமுணுத்திருக்கிறேன்.

கை கட்டிப் போட்டிருந்ததால் அவளால் தட்டச்சு செய்ய முடியவில்லை. கல்லூரியில் ஓர் அத்தியாயம் கொடுக்க வேண்டிய கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்வேன். அவள் சொல்லச் சொல்ல அடிப்பேன். நான் வேதியியல் படித்தவள். மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு என்ற பெயர்கள் எனக்குப் புதிதல்ல. ஆனால் என் வீட்டில் யாரும் சேற்றில் கால் வைத்ததில்லை. நாங்கள் நகரியில் தறி வைத்திருந்த குடும்பம். அதனால் பாதி அடிப்பதும் பாதி சண்டை போடுவதுமாக அந்த அத்தியாயம் வளர்ந்தது.

அவள் ஓர் அட்டவணை போட்டிருந்தாள். இடதுபுறம் ஒவ்வொரு வழியும் ஒரு வரி. மேலே கேள்விகள். எவ்வளவு வாயு குறையும்? விவசாயிக்கு என்ன நஷ்டம்? யார் சரிபார்ப்பது? கடைசிக் கேள்வி என்னை நிமிர வைத்தது: அதிகாரி மாற்றலாகிப் போன பிறகும் இது நடக்குமா?

"இது யார் சொல்லிக் குட்த கேள்வி?"

"யாரும் சொல்லல. ஊர்ல போய்க் கேட்டா, 'போன அதிகாரி இருந்தப்ப செஞ்சோம்'னுதான் எல்லாத்துக்கும் பதில் வருது."

முதலில் நெல்லுக்கு வந்தோம். வயலில் எப்போதும் தண்ணீர் நிறுத்தாமல், காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சினால் மீத்தேன் குறையும், தண்ணீரும் மிச்சம். இவ்வளவு நல்ல வழியை ஏன் யாரும் செய்வதில்லை என்று கேட்டேன். அவள் சிரித்தாள். விவசாயத்துக்குக் கரண்டு இலவசம். அதுவும் பகலில் குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் வரும். எப்போது வருமென்று காத்திருக்க முடியாமல் மோட்டாரில் ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டி வைத்திருக்கிறார்கள். கரண்டு வந்ததும் மோட்டார் தானாக ஓடும். வயலைக் காயவிடலாம் என்று மனிதன் நினைத்தாலும் மோட்டார் விடாது. "ஒரு ஆபீஸ் காயவிடுன்னுது, இன்னோரு ஆபீஸ் நனைச்சிக்கினே இருக்குது" என்றாள். அடித்துக்கொண்டிருந்த நான் கையை எடுத்துவிட்டேன். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே நல்ல திட்டங்கள். அவற்றை ஒரே வயலில் நிறுத்திப் பார்க்க என் மகளுக்குத் தோன்றியிருக்கிறது. என் வாழ்க்கையில் முதல் முறையாக, இவள் பாங்க் பரீட்சை எழுதாதது நல்லதோ என்று நினைத்தேன்.

அடுத்து மாடு. அது என் சோறு. வெளிநாடுகளில் மாட்டின் ஏப்பத்துக்கு வரி போடலாமா என்று பேசுகிறார்களாம். "எங்க சென்டருக்குப் பால் ஊத்த வர்ற பொம்பளைங்களாண்ட போய் இத சொல்லு பாக்கலாம். மாட்டுக்கு முன்னால உனக்கு வரி போட்டு அனுப்புவாங்க" என்றேன். வரி இங்கே ஆகாது, தீவனத்தைச் சரிசெய்தால் ஏப்பமும் குறையும், பாலும் கூடும், அதனால் அந்த வழி தானாகவே நிலைத்து நிற்கும் என்பது அவள் கட்சி. "பால் கூடினா நீயே பிரசாரம் பண்ணுவ, எனக்குத் தெரியும்" என்றாள். உண்மைதான். மறுவாரமே பால் ஊற்ற வந்த ஒருத்தியிடம் பசுந்தீவனத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

பிறகு அட்டவணையில் அந்த வரி வந்தது. சோகை கொளுத்துதல். அவள் சொன்னதை அடித்துவிட்டு, மேலும் கீழும் பார்த்தேன். வாயுக் கணக்கில் மொத்த அட்டவணையிலும் அதுதான் மிகச் சிறிய வரி. மாடும் நெல்லும் யானை என்றால் இது எறும்பு. எரியும்போது வருகிற கரியமில வாயுவை அடுத்த பயிரே இழுத்துக்கொள்ளும், மிச்சமிருக்கிற வாயுக்கள்தான் கணக்கு என்று விளக்கினாள்.

எனக்குக் கோபம் வந்தது. "உன் தோள ஒடச்சது இவ்ளோ சின்னதா? இத மொதல் வரியா போடு."

"எனக்கு அடிபட்டுதுன்னு வரிய மேல ஏத்தினா அது ஆராய்ச்சி இல்லம்மா."

அவள் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். தொட்டிலில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, வலியில் முகம் சுளித்துக்கொண்டு, தன்னை வீழ்த்திய ஒன்றைப் பற்றி இவ்வளவு நேர்மையாக ஒருத்தியால் பேச முடியுமா? நான் அவளுக்காகப் பயப்படுவதிலேயே இத்தனை வருடங்களைக் கழித்திருக்கிறேன். அவளைக் கவனிக்க எனக்கு நேரமே இருந்ததில்லை போலிருக்கிறது.

சோகைக்கு மூன்று வழிகள் எழுதியிருந்தாள். தடை போட்டு அபராதம் விதிப்பது. சோகையைத் தூளாக்கி மண்ணிலேயே விடுகிற மெஷினை வாடகைக்குக் கொடுப்பது. கொளுத்தாதவர்களுக்கு ஊக்கத்தொகை தருவது. நான் அபராதத்தின் பக்கம். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "தடை போட்டா இருட்டினதும் கொளுத்துவாங்க. ராத்திரில பொகை மேல போவாது, ரோட்லயே படுத்துக்கினு கெடக்கும். அப்ப வர்ற லாரி நிக்காது" என்றாள். ஆனாலும் மேசையில் அந்த வெள்ளைக் காகிதம் அப்படியே இருந்தது.

டாக்டர் வெளியே போகலாம் என்றதும் கொல்லையைப் பார்க்கக் கிளம்பினோம். பஸ்ஸில்தான் போனோம். விழுந்த இடம் வந்தபோது அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள்; நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாலையை ஒட்டி இரண்டு துண்டு நிலங்கள். ஒன்று எரிந்து கறுத்துக் கிடந்தது. அதில் வெட்டிய கட்டைகளிலிருந்து மறுபடி கரும்பு துளிர்விட்டிருந்தது. இன்னொன்றில் கரும்பு வெட்டி முடித்து, சோகை முழங்கால் உயரத்துக்கு மெத்தை போலக் கிடந்தது. அதையும் கொளுத்தத்தான் போகிறாரோ என்று பயந்தேன். நெருப்பு வைத்த அந்த விவசாயியும் அவர் மனைவியும் கொல்லை மேட்டில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களும் தமிழ்க் குடும்பம்தான். சத்தியவேடு பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்கள்.

அவர் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கேஸ் போட வந்தியாக்கா? போடு. ஆனா இந்த மோர குட்ச்சிட்டுப் போடு. வெயில்ல வந்துக்கிற" என்று சொம்பை நீட்டினாள். வாங்காமல் இருக்க முடியவில்லை.

மகள் அவரிடம் கேட்டாள். "மாமா, ஏன் காலைல அந்த நேரத்துல வெச்சீங்க? ரோட்ல அப்பதான வண்டி ஜாஸ்தி?"

"அப்பதாம்மா த்ரீ ஃபேஸ் வரும். கரண்டு இருந்தாத்தான மோட்டார் போட்டு வரப்ப நனைக்க முடியும்? அதோ பாரு." கறுத்த நிலத்துக்கு அந்தப் பக்கம் வேறொருவரின் மாந்தோப்பு. பூவெடுத்து நின்றது. "நெருப்பு தாவிட்டா அவன் குடும்பமே போச்சு. அதனால சுத்திலும் சோகைய நல்லா நனைச்சிட்டு, நடுவுல பத்த வெப்போம். எல்லாரும் அப்டித்தான்."

மகள் அந்த இடத்திலேயே குந்தி உட்கார்ந்துவிட்டாள். ஓரத்தில் பாதி எரிந்து, பாதி வெந்து கிடந்த சோகையை இடது கையால் கிளறினாள். "அப்ப வெள்ளப் பொகை இதுலதான் வந்துது. ஈர சோகை எரியல, பொகஞ்சிது."

அவரும் குனிந்து ஒரு பிடி எடுத்துப் பார்த்தார். பிறகு, "ஆமா, இருக்கும்" என்றார். "நடுவுல எரியறது நேரா மேலதான் போவும். ஓரத்துல பொகஞ்சதுதான் ரோட்டுக்குப் போச்சு."

அதாவது அவர் அலட்சியமாக இருக்கவில்லை. ஜாக்கிரதையாக இருந்தார். அந்த ஜாக்கிரதைதான் சாலையை மூடியது. கரண்டு எப்போது வருமென்று முடிவு செய்கிறவர்களுக்குச் சோகையைப் பற்றித் தெரியாது. சோகைக்குத் தடை போடுகிறவர்களுக்குக் கரண்டு நேரத்தைப் பற்றித் தெரியாது. நடுவில் இந்த மனிதர், பக்கத்துத் தோப்பைக் காப்பாற்றிக்கொண்டு நின்றிருக்கிறார்.

இதெல்லாம் புரிந்தும் எனக்கு ஆறவில்லை. "மாமரத்த நெனச்சீங்களே, ரோட நெனச்சீங்களா?" என்று கேட்டேன்.

"ரோடு எரியாதுன்னு நெனச்சேம்மா" என்றார் அவர். தலையைக் குனியவில்லை, நியாயம் பேசவும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார். மருத்துவமனை பெஞ்சிலும் அப்படித்தான் சொன்னார்.

"இந்தத் துண்ட என்ன பண்ணப் போறீங்க?" என்று மகள் இரண்டாவது நிலத்தைக் காட்டினாள்.

"மெஷின் கேட்டிருக்கேன். மண்டலத்துக்கே ஒண்ணுதான் கீது. பெரிய ஆளுங்க முடிச்சிட்டுத்தான் எங்கிட்ட வரும். அதுக்குள்ள கட்டைலேர்ந்து தளிர் வந்துட்டா அப்புறம் கொளுத்தவும் முடியாது, மெஷின் உடவும் முடியாது. பாப்பா உழுந்ததுலேர்ந்து தீப்பெட்டிய தொடல. ஆனா எத்தினி நாளிக்கி?"

அந்த வாரமே அவர்கள் ஊரில் விவசாயிகள் கூட்டம் இருந்தது. சோகை விஷயமாக, சுற்றியுள்ள ஊர்கள் சேர்ந்த மண்டலத்தில் என்ன செய்யலாம் என்று கேட்டு மேலே எழுத வேண்டுமாம். வேளாண்மை அதிகாரி என் மகளையும் பேசச் சொல்லியிருந்தார். அவளைத் தனியே அனுப்ப மனமில்லாமல் நானும் போனேன். பேச்செல்லாம் தெலுங்கும் தமிழும் கலந்துதான் நடந்தது.

அதிகாரி முதலில் அபராதத்தைப் பற்றிச் சொன்னார். யாரும் எதிர்க்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒருவர், "போடுங்க சார், தாராளமா போடுங்க. கட்டறப்ப பாத்துக்கலாம்" என்றதும் கூரை அதிரச் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்துவிட்டார். ஊக்கத்தொகை பற்றிச் சொன்னதும் ஒரு குத்தகை விவசாயி எழுந்தார். "நான் கவுலுக்கு ஓட்றேன் சார். காசு நெலத்துக்காரனுக்குப் போவும், சோகை எனக்கு நிக்கும். நல்லா கீது உங்க கணக்கு."

என் மகள் எழுந்தாள். அட்டவணை, வாயு எதையும் பேசவில்லை. கரண்டு நேரத்தையும் ஈரச் சோகையையும் சொன்னாள். அபராதம் வந்தால் நெருப்பு இருட்டுக்குப் போகும், தொகை வந்தால் குத்தகைக்காரருக்குச் சேராது, மெஷின் வந்தால் பெரிய நிலத்துக்கு முதலில் போகும் என்றாள். ஒவ்வொன்றையும் அவர்கள் வாயிலிருந்தே எடுத்து அவர்களுக்கே வரிசையாக வைத்தாள். கடைசியில், "மெஷின் ஒண்ணுதான்னா, மொதல்ல ரோட்டோரக் கொல்லைக்குப் போவட்டும். நெலம் பெருசா சின்னதான்னு பாக்க வேணாம். ரோட்ட ஒட்டிக் கீதா இல்லையான்னு மட்டும் பாருங்க" என்றாள்.

உடனே முன்வரிசையிலிருந்து ஒருவர் துள்ளினார். "அடேங்கப்பா! ரோட்டோரம்னா மொதல்ல யாரு? இவந்தான! பொண்ண கீழ தள்ளினவனுக்கு மொத மெஷினா? அப்ப நாங்களும் ஆளுக்கொருத்தர தள்ளிட்டு வரோம்!"

மறுபடி சிரிப்பு. அந்த விவசாயி மட்டும் சிரிக்கவில்லை. அவர் மனைவி பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தாள். "யோவ், நீ தள்ளினா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போவியா? ஓடிப் போயிருப்ப!" என்றாள். இப்போது சிரிப்பு முன்வரிசைக்காரர் பக்கம் திரும்பியது.

ஆனால் அவர் கேட்டது வேடிக்கையான கேள்வி இல்லை. என் மனதிலும் அதேதான் இருந்தது. தவறு செய்தவனுக்கே முதல் உதவியா? அப்படியானால் கொளுத்தாமல் பொறுத்தவன் முட்டாளா? அதிகாரியும் அதையே கேட்டார்.

மகள் யோசித்தாள். சட்டென்று பதில் சொல்லிவிடுகிற பெண் அவள். அன்றைக்கு நேரம் எடுத்துக்கொண்டாள். "நியாயமில்லதான்" என்றாள். "அத மறைக்க மாட்டேன். பொறுத்தவங்களுக்கு இதுல ஒண்ணும் இல்ல. ஆனா அடுத்த வண்டில வர்றது யாருன்னு நமக்குத் தெரியாது. நான் ரெண்டுல ஒண்ண எடுக்கணும்னா, அந்த வண்டிக்காரங்களத்தான் எடுப்பேன்."

அப்போது அந்த முன்வரிசைக்காரர் என் பக்கம் திரும்பினார். "பொண்ணு பெருமையாத்தான் பேசுது. தாயாரு என்ன சொல்றாங்க? கேஸ் உண்டா இல்லையா? அத சொல்லிட்டா நாங்க மெஷின பத்தி முடிவு பண்றோம்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மகளும் பார்த்தாள்; ஆனால் கண்ணால்கூட எதையும் கேட்கவில்லை. "நீ என்ன வேணா எழுது" என்று சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். கேஸ் போட்டால் இவர் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலைவார்; ஊர் பயந்து, இருட்டில் கொளுத்தும். போடாவிட்டால், லாரி ஓட்டுநர் விரித்த அந்தக் கைகளுக்கு யார் பதில் சொல்வது?

"தெரியல" என்றுதான் சொன்னேன். "அது எனக்கும் போலீசுக்கும் நடுவுல. ஆனா மெஷின் ரோட்டோரத்துக்குத்தான் மொதல்ல போவணும். யாரோட கொல்லையா இருந்தாலும். அவரோடதா இருந்தாலும்."

அதற்கு மேல் யாரும் வேடிக்கை பேசவில்லை. பொறுத்தவர்களுக்கு அடுத்த வருஷம் முதல் வரிசை என்று ஒருவர் சேர்த்துச் சொன்னார். அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார். மகள் என் காதில், "நல்லா கீதும்மா அது. எனக்குத் தோணல" என்றாள். அத்தியாயத்தில் அந்த யோசனை இப்போது ஒரு பத்தியாக இருக்கிறது, நானே அடித்தேன்.

மெஷின் வந்த அன்று மகள் கல்லூரிக்குத் திரும்பிப் போயிருந்தாள். நான் லீவு போட்டுவிட்டுப் புத்தலப்பட்டு பஸ் ஏறினேன். எதற்காகப் போனேன் என்று கேட்டால் சரியான பதில் இல்லை. அந்தச் சோகை எரியாமல் போவதை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

டிராக்டர் பின்னால் மாட்டிய அந்த மெஷின், கொல்லையின் ஒரு முனையிலிருந்து சோகையை வாரி விழுங்கித் துகளாக்கித் துப்பிக்கொண்டே வந்தது. தூசி பறந்தது. ஆனால் அது புகையில்லை. சாலையில் வண்டிகள் விளக்குப் போடாமல் போய்க்கொண்டிருந்தன. அவர் மெஷினுக்கு முன்னால் நடந்து, கல் கிடந்தால் பொறுக்கி எறிந்தார். அவர் மனைவி இந்தப் பக்கம் நின்று, அவர் விட்ட கற்களையெல்லாம் கையைக் காட்டித் திட்டிக்கொண்டிருந்தாள். அவர்கள் ஜாக்கிரதையானவர்கள் என்பதில் எனக்கு இப்போது சந்தேகமில்லை. அந்த ஜாக்கிரதையைச் சரியான பக்கம் திருப்பிவிட ஒரு மெஷினும் ஒரு வரிசையும் தேவைப்பட்டன.

கான்ஸ்டபிளின் பைக் வந்து நின்றது. நான் அங்கே இருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். காதருகே வந்து, "ஃபைல முடிக்கணும் மேடம். என்ன எழுதட்டும்?" என்று கத்தினார்.

நான் சொன்னேன். மெஷின் இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. "ஏமண்டி?" என்று காதில் கை வைத்தார். மறுபடி சொன்னேன். தலையை ஆட்டி உதட்டைப் பிதுக்கினார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு குரல் வந்ததோ தெரியாது.

"புகார் இல்ல!" என்று கத்தினேன்.

நான் கத்திய அந்த நொடியில், முனையில் திரும்புவதற்காக டிராக்டர்காரர் மெஷினை நிறுத்தியிருந்தார். என் குரல் மட்டும் கொல்லை முழுக்கப் போயிற்று. கல் பொறுக்கிக்கொண்டிருந்தவர் குனிந்தபடியே நின்றுவிட்டார். அவர் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இப்பிடியா கத்துவ, மாங்கா பூவு கொட்டிடப் போவுது" என்றாள்.

கான்ஸ்டபிள் நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். பயம் போய்விட்டது என்று நான் சொல்லவில்லை. அவள் ஸ்கூட்டரை எடுக்கிற ஒவ்வொரு வாரமும் போனைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். கையெழுத்துக்குக் கீழே, "காலையில் வருகிற கரண்டு நேரத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டும்" என்று ஒரு வரி எழுதினேன்.

அவர் படித்துப் பார்த்தார். "இதுக்கு எங்களாண்ட செக்‌ஷன் இல்ல மேடம்" என்றார்.

"தெரியும்" என்றேன். "இருந்தாலும் கொண்டு போங்க."

அவர் சிரித்தபடி காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.